எல்லீசர்: மொழிக்குடும்பம் கண்ட முன்னோடி

ஒப்பிலக்கணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் கால்டுவெல். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த ஆண்டு 1856. ஆயின் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தவை என்று சான்று காட்டி நிறுவியவர் ஒருவர் உண்டு. அவரே எல்லீசதுரை எனத் தமிழ் மக்கள் அழைத்த பிரான்சிசு வைட் எல்லிஸ்.

எல்லீசர் 1777ஆம் ஆண்டு பிறந்தார். 1796இல் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய் வாரியத்தில் படிப்படியாக உயர்ந்து, 1806இல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதியானார். தெலுங்கு வழங்கும் அந்நிலத்தில் வாழ்ந்த காலம் அவருடைய மொழியாய்வுக்கு உரமாயிற்று எனலாம். 1810இல் சென்னையின் கலெக்டர் பொறுப்பை ஏற்று, இறுதிவரை அப்பதவியில் இருந்தார்.

தமிழ்நாட்டில் அவர் பெயர் நிலைத்தமைக்கு முதற்காரணம் திருக்குறள். அறத்துப்பாலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான விளக்கமும் எழுதினார். சென்னையில் நீர்ப்பஞ்சம் நேர்ந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். அவற்றுள் இராயப்பேட்டைக் கிணற்றின் 1818ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குறளை மேற்கோளாகக் கொண்டது. வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்றையும் அவரே வெளியிட்டார் என அறிஞர் கருதுவர். இச்செய்திகளை நம் மேடைகள் அடிக்கடி நினைவுகூர்கின்றன. அவருடைய இலக்கணப் பணியோ அத்துணை பேசப்படுவதில்லை.

1786இல் வில்லியம் ஜோன்ஸ், வடமொழிக்கும் கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தார். அதன்பின் ஐரோப்பிய அறிஞர் பலர், இந்திய மொழிகள் யாவும் வடமொழியின் வழித்தோன்றல்களே என எளிதில் முடிவுகட்டினர். தெலுங்கில் வடசொற்கள் மிகுதியாகக் கலந்திருந்தமை இம்முடிவுக்குத் துணைபோயிற்று. வில்லியம் கேரி போன்ற பெரியோரும் இக்கருத்தினரே.

எல்லீசரின் முயற்சியால் 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கும்பினியின் இளம் அலுவலர்க்குத் தென்மொழிகளைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். அக்கல்லூரிக் குழுவின் செயலாளர் ஏ.டி. காம்பெல் 1816இல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அந்நூலின் முன்னுரைக்கு எல்லீசர் எழுதிச் சேர்த்த குறிப்பிலேதான் நாம் பேசும் சான்று அடங்கியுள்ளது.

அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் உறுதியானது. மொழி வேறு சொற்களைக் கடன் வாங்கலாம், வினைகளின் வேர்களை அவ்வாறு மொத்தமாக வாங்குவதில்லை. ஆகவே அவர் வேர்களை முதலில் எடுத்துக்கொண்டார். தெலுங்கின் வேர்கள் வடமொழித் தாதுக்களோடு ஒவ்வாமையையும், தமிழ், கன்னட வேர்களோடு ஒத்துச் செல்வதையும் அகரவரிசையில் காட்டினார். அடுத்துச் சொற்களையும், பின்னர்த் தொடரமைப்பையும் ஒப்பிட்டார். ஒரே கருத்தை மும்மொழியிலும் பெயர்த்து, வாக்கியம் அமையும் நெறி ஒன்றே என விளக்கினார். நாமும் இதனை எளிதில் உணரலாம். தமிழில் பாடு, ஆடு என்பன தெலுங்கிலும் பாடு, ஆடு என்றே வழங்குகின்றன. கன்னடத்தில் ஆடு அவ்வாறே நிற்க, பழங்கன்னடப் பாடு இன்று ஹாடு எனத் திரிந்துள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு குடகு மொழியையும் அவர் இக்குடும்பத்தில் சேர்த்தார். தொலைவிலுள்ள இராஜமகால் மலைமக்களின் மொழியிலும் உறவுச் சொற்கள் இருப்பதைச் சுட்டினார்.

இவ்வாய்வு ஒருவருடைய தனி உழைப்பன்று என்பதும் எண்ணத்தக்கது. தெலுங்கு வேர்களுக்குப் பட்டாபிராம சாஸ்திரியின் தொகுப்பு உதவியது. தற்சமம், தற்பவம், தேசியம் எனச் சொற்களைப் பகுத்த தெலுங்கு இலக்கணிகளின் மரபே, எது கடன், எது தாய்ச்சொத்து எனப் பிரித்தறியும் அளவுகோலாயிற்று. மிராசு உரிமை பற்றிய ஆய்வில் சங்கரய்யா துணைநின்றார். வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் திரட்ட முத்துசாமிப் பிள்ளை அனுப்பப்பட்டார். நம் இலக்கணிகள் வழிவழியாகக் காத்த அறிவும், புதிதாய்த் தோன்றிய ஒப்பாய்வு முறையும் அக்கல்லூரியில் சந்தித்தன. அச்சந்திப்பின் விளைவே இச்சான்று.

நாற்பது வயது நிறையும்வரை கற்பதே கடன், அதன்பின்னரே நூல் வெளியிடுவது என எல்லீசர் உறுதிபூண்டிருந்தார் என்பர். காலம் அவருக்கு இடந்தரவில்லை. 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சை உட்கொண்டு இறந்தார். அவர் எழுதிக் குவித்த தாள்களுள் பல மதுரையில் ஓர் அதிகாரியின் சமையலறை அடுப்பில் எரிந்தன என்று பின்னாளில் வால்டர் எலியட் கேட்டறிந்து எழுதினார். எஞ்சியவற்றுட் சில ஆக்ஸ்போர்டு நூலகத்தைச் சேர்ந்தன. பிறர் நூலின் முன்னுரையில் இணைந்தமையாலேயே அவருடைய மொழிக்குடும்பச் சான்று அழியாது நமக்குக் கிட்டியது.

கால்டுவெல் எல்லீசரை மறைத்தவரல்லர். இத்துறையில் முதன்முதல் ஏர் பூட்டியவர் அவரே என ஒப்புக்கொண்டு, அவர் ஒப்பிட்டவை சொற்களே அன்றி இலக்கண வடிவங்கள் அல்ல என வரையறுத்தார். வேற்றுமை உருபுகளையும் விகுதிகளையும் விரிவாக ஒப்பிட்ட பெருமை கால்டுவெல்லுக்கே உரியது. எனினும் வேரும் தொடரும் ஒத்தமையைக் காட்டிய பங்கு எல்லீசருடையது. 2006இல் தாமஸ் டிரவுட்மன் எழுதிய ஆய்வுநூல் இதனை விரிவாக நிலைநாட்டியது.

முதல்வர் யார் என்னும் வழக்கு அன்று இங்கு முதன்மையானது. அடித்தளம் இட்டவரையும், அவர்க்குத் தோள்கொடுத்த பண்டிதர்களையும் விடுத்து மேல்மாடத்தை மட்டும் மாணவர்க்குக் காட்டினால், அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதை அவர்கள் அறியாமலே போவர். ஒப்பிலக்கணப் பாடம் 1816இல் தொடங்கட்டும். எல்லீசருக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவே.