பள்ளி காணாத பறவை ஆசான்

மாத்தளை மாவட்டத்துப் பள்ளி முற்றம் எதிலேனும் காலை வேளையிற் சற்று நின்று பார்ப்போர்க்குப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலையின் ஈரச்சரிவு. வடக்கே தம்புள்ளை, சீகிரியா வரை வறண்ட சமவெளி. இருவகை நிலத்துப் புட்களும் இம்மாவட்டத்தில் அண்டை வீட்டார்போல் வாழ்கின்றன. ஆயினும் முதலாம் வகுப்புப் பிள்ளையிடம் பெயர் கேட்டால், காகம், கிளி, மைனா என்று மூன்றைச் சொல்லி, எஞ்சியவற்றையெல்லாம் குருவி என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். பிள்ளையை நோவதிற் பயனில்லை. அருகில் நின்று சுட்டிக்காட்டுவார் இல்லை. அவ்வாறு சுட்டிக்காட்டுவதையே தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்ட ஒருவரின் வரலாறு நம் ஆசிரியர்கள் அறியத்தக்கது.

ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி 1891ஆம் ஆண்டில் இலங்கையில், தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்திற் சேர்ந்து பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எழுத்தும் எண்ணும் வீட்டிலே தமக்கையிடம் கற்றவை. பட்டமோ சான்றிதழோ இல்லாத அவ்விளைஞரிடம் இருந்தவை கூரிய கண்ணும் வரையத் தெரிந்த கையுமே.

1907இல், பதினாறாம் வயதில், மன்னார்க் கடலின் முத்துச்சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனியில் ஆய்வுகூட உதவியாளராகவும் படம் வரைபவராகவும் சேர்ந்தார். அவ்வாண்டிற்குப் பின் முத்துச்சிப்பி பொய்த்தது, கம்பனியும் நொடித்தது. 1910இல் கொழும்பு நூதனசாலை அவரைச் சித்திரகாரராக ஏற்றுக்கொண்டது. 1913 முதல் 1946இல் ஓய்வு பெறும்வரை அங்கே பூச்சியியற் பிரிவில் உதவியாளராகக் கடமையாற்றினார். சம்பளம் பூச்சிகளுக்காக, மனமோ பறவைகளிடத்து. 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வண்ணப்படத் தொகுதி அவர் தூரிகையின் ஆக்கம். அதற்கு உரை எழுதியவர் சிவில் சேவை உத்தியோகத்தரான வெயிற் என்பவர்.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது 1955இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் கையேடுதான். முன்னோர் நூல்கள் பெரும்பாலும் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்திய பறவையைக் கையில் வைத்து அளந்து எழுதப்பட்டவை. கொம்பில் அமர்ந்திருக்கும் பறவையை அளப்பது எங்ஙனம்? ஹென்றி மேற்கொண்ட வழி எளியது. எல்லோரும் அறிந்த சில பறவைகளையே அவர் அளவுகோலாக்கினார். இப்பறவை சிட்டுக்குருவியளவு, அது மைனாவளவு, இன்னொன்று இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது என்று கூறி, அதன்பின்னரே நிறத்தையும் குரலையும் நடத்தையையும் விரிக்கிறார். முழங்கோல் தேவையில்லை, முற்றமே போதும்.

சிறுவர்க்குப் பறவை கற்பிக்க இதனினும் ஏற்ற முறையை யான் அறியேன். சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் ஆகிய நான்கையும் பிள்ளை ஐயமின்றி அறியட்டும். பின்னர், தேன்சிட்டு சிட்டுக்குருவியினும் சிறிது. இலைப்பசுமைக்குள் மறைந்து ஓயாது கூவும் குக்குறுவான் மைனாவினும் சற்றுப் பெரிது. வேலியோரம் நடக்கும் செண்பகம் காகப்பருமனும் நீண்ட வாலும் உடையது என்று அப்பிள்ளையே சொல்லத் தொடங்கும். வண்ணத்தாளைச் சுவரில் ஒட்டி, முப்பது பெயர்களை ஒரே நாளில் ஒப்புவிக்கச் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வகுப்பிலிருந்து வெளிவந்த பிள்ளை, தாளிற் கண்ட பறவை மரத்திற் முதுகைக் காட்டி அமர்ந்தால் திகைத்து நிற்கும்.

ஹென்றியின் நூல் ஆங்கிலத்திலானது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் கைக்கு அது எட்டுவதில்லை. ஆசிரியர் வாய்மொழியாகத்தான் எட்டவேண்டும். பெயர் ஊருக்கு ஊர் மாறுவது மற்றோர் இடர். புலுனி என்று ஒருவர் சொல்வதைத் தவிட்டுக்குருவி என்பார் இன்னொருவர். இரண்டையும் சொல்லிவைப்பதே நன்று; பாட்டி வழங்கும் பெயரைப் பிழையென்று தள்ளினால், வீட்டிலிருந்த ஆசானையும் பிள்ளை இழந்துவிடும்.

ஓய்வின்பின் இங்கிலாந்து சென்ற ஹென்றி, பிறந்த தீவுக்கு அப்பாலிருந்தே கையேட்டின் வெளியீட்டைக் கண்டார். 1983இல் மறைந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1998இல் நூலுருப்பெற்றன. முதற்பதிப்பு வெளிவந்த காலத்திற் கடைத்தெருத் தோறும் மலிந்திருந்த சிட்டுக்குருவி, இன்று பல ஊர்களில் அருகிவிட்டது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சிற்றளவுக்கோலாக எப்பறவையைக் காட்டுவது என்பதை ஆசிரியரே முற்றத்திற் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டியுள்ளது.