நால்வர் கூடி வளர்த்த இசை

இசை வல்லார்க்கே உரியது. ஏனையோர்க்குக் கேட்டு மகிழ்தலே அமையும் என யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பாட்டில் சுருதி பிசகிய மாணாக்கரை வாய்மூடி இருக்குமாறு பணித்ததும் உண்டு. மேனாட்டு இசைப் பெரியார் யோசேப் ஹைடனின் வரலாற்றைக் கற்றபின்னரே அவ்வெண்ணம் தவறென உணர்ந்தேன்.

ஹைடன் 1732ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் ஒஸ்திரியாவின் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் வண்டிச் சில்லுச் செய்யும் தச்சர். இசைக்குறி படிக்க அறியாதவராயினும் யாழ் மீட்டிப் பாடுபவர். எட்டு வயதளவில் வியன்னாப் பேராலயப் பாடகர் குழுவிற் சேர்ந்த ஹைடன், குரல் மாறியபின் அங்கிருந்து விலக்கப்பட்டார். வறுமையில் உழன்று, பிறர்க்கு இசை கற்பித்துத் தம் கல்வியையும் வளர்த்துக்கொண்டார்.

1750களின் பிற்பகுதியில் பூர்ன்பேர்க் என்னும் பிரபு தம் நாட்டுப்புற மாளிகைக்கு அவரை அழைத்தார். அங்கே கூடி வாசித்தவர் நால்வர்: ஊர்க் குருவானவர், பிரபுவின் காரியத்தர், செல்லோ வாசித்த ஒருவர், ஹைடன். முதலிருவரும் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என இந்நால்வர்க்கும் அமைத்தவையே ஹைடனின் முதற் குவார்டெட்டுகள். உலகம் போற்றும் ஓர் இசைவகை இத்தகைய எளிய கூட்டத்திலே தழைத்தது.

1761இல் அவர் எஸ்டர்ஹாசிக் கோமகன் குடும்பத்திற் பணியேற்றார். அடுத்த ஆண்டில் தலைமை எய்திய நிக்கலாஸ், பாரிட்டன் என்னும் அரிய தந்திக்கருவியைத் தாமே வாசிப்பவர். அக்கருவிக்குப் போதிய உருப்படிகள் இயற்றவில்லையென 1765இல் ஹைடன் எழுத்துமூலம் கண்டிக்கப்பட்டார். அவர் சினந்து ஒதுங்கினாரல்லர். அடுத்த பத்தாண்டளவில் பாரிட்டனுடன் வியோலாவும் செல்லோவும் சேரும் உருப்படிகள் 120க்கு மேல் இயற்றினார். கோமகனின் கைக்கு இயைந்த சுருதிகளையே பெரிதும் தெரிந்தெடுத்தார்; சுவை குன்றவிடவில்லை.

பணிந்தவராயினும் அவர் தம்மவரை மறந்தவரல்லர். 1772இல் கோமகன் கோடை மாளிகையினின்று நீங்காது காலந்தாழ்த்தவே, குடும்பத்தைப் பிரிந்த இசைஞர் வருந்தினர். ஹைடன் ஒரு சிம்பொனி இயற்றினார். அதன் இறுதியில் வாசிப்போர் ஒருவர்பின் ஒருவராய் விளக்கணைத்து வெளியேறினர். குறிப்பறிந்த கோமகன் மறுநாளே புறப்பட ஆணையிட்டார் என வரலாறு கூறும்.

1785இல் மோசாட் தம் குவார்டெட்டுகள் ஆறினை ஹைடனுக்கு உரிமையாக்கி வெளியிட்டார். 1791இல் இலண்டன் மாநகரும் அவரை வரவேற்றது. 68 குவார்டெட்டுகள் தந்த அப்பெரியார், நெப்போலியன் படை வியன்னாவைக் கைக்கொண்டிருந்த 1809ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், தம் 77ஆம் வயதில் மறைந்தார்.

இன்றும் மேனாடுகளில் கோடை விடுமுறைதோறும் ஆசிரியர், மருத்துவர், எழுதுவினைஞர் எனப் பலதொழிலார் ஓரிடத்தே தங்கி, வல்லுநரிடம் பயின்று, நால்வர் நால்வராய் வாசித்து மகிழ்கின்றனர். ஆங்கே கோல்பிடித்து நடத்துவார் இலர். ஒவ்வொருவரும் மற்றையோர்க்குச் செவிகொடுத்தல் வேண்டும். கேட்கப் பழகுதற்கும் முதலிற் கூட்டத்துள் இடம் வேண்டுமன்றோ? யான் வாய்மூடச் செய்த மாணாக்கர்க்கு மறுத்தது அவ்விடத்தையே.