பொறியைப் பிரித்துப் படித்த பெருமகனார்

கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றில் கோவை ஜி. டி. நாயுடு அவர்களுக்குத் தனியிடம் உண்டு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் அன்னார் தோன்றினார். பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளுடன் நின்றது.

வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிள் இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியை வாங்குவதற்கென்றே கோவையில் உணவு விடுதிப் பணியாளராகச் சேர்ந்து பொருள் ஈட்டினார். ரட்ஜ் வண்டி கைக்கு வந்ததும், ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கொள்ளும் புலவர்க்கு இம்முறை புதிதன்று. சிலிண்டரின் வாயை மூடும் தலைப்பகுதி எரிபொருள் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது. அதன் இணைப்பில் மயிரிழை இடைவெளி நேரினும், வால்வு செவ்வனே அமராவிடினும் எஞ்சினின் ஆற்றல் வீணாகும். இத்தகைய நுட்பங்களுக்கு அவர் கண்ட ஆசான் எந்திரமே.

1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியுடன் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டி, பின்னர் 200-க்கும் மேற்பட்ட பேருந்துகள் கொண்ட யு.எம்.எஸ். நிறுவனமாய் வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் படைத்தார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்றவும் காரணமானார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது அவர் துணிபு. அரசு அதனை ஏற்காமையால் பொறுப்பைத் துறந்தார்.

1952-இல் அவர் உருவாக்கிய இருவர் அமரும் சிறு கார், உரிமம் கிட்டாமையால் பெருக்கமுறவில்லை. வரிச்சுமையை எதிர்த்துத் தம் படைப்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்ததும் அப்பத்தாண்டிலேயே நிகழ்ந்தது. பிரித்தவற்றையெல்லாம் மீண்டும் பூட்டத் தெரிந்தவர், பூட்ட இயலாதபடி உடைக்க நேர்ந்தது. அவர் சினத்தின் முறைமை பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆக்கும் கைக்கு நேர்ந்த இழப்பை மறுப்பார் இலர்.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அன்னார் மறைந்தார். அவர் தொகுத்த பொறிகள் கோவை அவிநாசி சாலை அருங்காட்சியகத்தில் உள்ளன. 2015 முதல் பழங்காலக் கார்களுக்கும் அவர் குடும்பத்தார் அங்குத் தனிக்கூடம் அமைத்துள்ளனர். எந்திரம் கற்க விரும்பும் கொங்குச் சிறுவர்க்கு அவை திறந்த பாடநூல்கள்.