பல குரல், ஒரு பாட்டு: எம். பி. சீனிவாசன்

தமிழிசை மேடை என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது ஒற்றை உருவம். நடுவே ஒருவர் அமர்ந்து பாடுவார். பக்கவாத்தியக்காரர்கள் அவரைப் பின்தொடர்வர். எதிரே இருப்போர் கேட்பர். பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்னும் இப்பிரிவு காலங்காலமாக நிலைத்தது போலத் தோன்றினும் உண்மை அதுவன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவர் மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கே இட்டு, கைகோத்து ஆடிப் பாடச் செய்கிறாள். அங்கே ஒவ்வொருத்தியும் ஒரு சுரம். எழுவரும் கூடினால்தான் இசை. ஊருக்கு நேரவிருக்கும் தீங்கை அஞ்சி எடுத்த கூத்து அது என்பதையும் மறத்தலாகாது. அச்சம் வந்தபோது ஆயர்பாடி தனிப்பாடகனைத் தேடவில்லை.

வடசென்னையில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடுவர். குரல் ஒன்றாகாவிடில் கைகளும் ஒன்றாகா, வலையும் கரை சேராது. இராயபுரத்துத் தேவாலயங்களில் பாடற்குழுக்கள் ஞாயிறுதோறும் பாடி வந்துள்ளன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூர் ஆலைப் பகுதியும், 1923இல் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடிய உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையும் நமக்குத் தொலைவில் இல்லை. பல குரல் ஒரு குரலாதல் இப்பகுதியின் அன்றாடம். ஆயினும் இந்தக் கூட்டுக் குரலைத் தேர்ந்த இசை வடிவமாக்கி, பாரதியின் சொல்லை அதில் ஏற்றி மேடைக்குக் கொணர்ந்தவர் வடசென்னைக்காரர் அல்லர். மயிலாப்பூர்ப் பள்ளியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். எம். பி. எஸ். என்றே இசையுலகம் அவரை அழைத்தது.

1925ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சித்தூரில் அவர் பிறந்தார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை. படித்து முடித்து நல்ல உத்தியோகத்தில் அமர்ந்திருக்கலாம். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டமையால் வாழ்க்கை வேறு தடத்தில் சென்றது. தில்லிக்குச் சென்று, பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு உதவியாளராகச் சில காலம் பணிபுரிந்தார். 1943இல் தொடங்கப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, அக்காலத்தில் பாட்டையும் கூத்தையும் தெருவுக்கும் வயலுக்கும் கொண்டு சென்றுகொண்டிருந்தது. நாட்டுப்புற மெட்டுக்கும் மேலைநாட்டுக் குழுப்பாடலுக்கும் அங்கே சம்பந்தம் நடந்தது எனலாம். சீனிவாசனின் செவி பழுத்தது அச்சூழலில்தான். அவ்வியக்கத்தில் வளர்ந்த சலில் சௌதுரி பின்னாளில் பம்பாயில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கண்டார். அதே வழியில் கல்கத்தாவிலும் ஒன்று எழுந்தது. சென்னைக்கு அதனைக் கொணரும் பொறுப்பு சீனிவாசனுக்கு வாய்த்தது.

அவர் கைப்பிடித்த ஜாஹிதா, சைபுதீன் கிச்சலுவின் மகள். 1919 ஏப்ரலில் கிச்சலுவும் சத்தியபாலும் கைதானதை எதிர்த்து அமிர்தசரஸ் கொதித்தது. அதன் தொடர்ச்சியாகவே ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அந்த வீட்டுப் பெண்ணைத் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்து இளைஞர் மணந்தது அந்நாளில் எளிய செய்தியாக இருந்திராது. பிற்காலத்தில் அவருடைய குழு பல மொழிப் பாடல்களைப் பாடியதை ஒற்றுமைப் பிரசாரம் என்று சிலர் எளிதாகக் கடந்து போவதுண்டு. தம் வீட்டு வாசலில் அதனை முதலில் நிகழ்த்திக் காட்டியவர் அவர் என்பதை அன்னோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னைக்குத் திரும்பியவர் திரைத்துறையில் நுழைந்தார். 1960இல் வெளிவந்த பாதை தெரியுது பார் என்னும் படத்தை வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே. சி. எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகியோர் அதற்குப் பாடல் எழுதினர். பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரிலேயே மறைந்துவிட்டமையால் படம் திரையேறியதைக் காணும் பேறு அவருக்கு இல்லை. சிறுகதையாளராக அறியப்பட்ட ஜெயகாந்தன் எழுதி, பி. பி. சீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய காதற்பாட்டு இன்றும் நிற்கிறது. படம் வணிகத்தில் தோற்றது. பாடல்கள் பிழைத்தன. கவிஞனின் சொல்லை இசை அழுத்தாமல், அதன் மூச்சறிந்து நடப்பது அப்பாடல்களின் இயல்பு. எதுகை விழும் இடத்தில் மெட்டும் வந்து காத்திருக்கும். யாப்பறிந்தோர் அவற்றை மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்த் திரையுலகம் அவரைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. மதன மாளிகை, எடுப்பார் கைப்பிள்ளை போன்ற சில படங்களோடு தமிழில் அவர் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. மலையாளமோ அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. கே. ஜே. யேசுதாஸ் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது 1961இல், கால்பாடுகள் என்னும் படத்துக்காக, சீனிவாசனின் இசையில். பாடியது நாராயண குருவின் வரிகளை. சாதி மத பேதத்தை மறுத்த ஒரு ஞானியின் சொல், ஒரு கிறித்தவ இளைஞரின் குரல், ஒரு பொதுவுடைமையாளரின் மெட்டு: இச்சேர்க்கை தற்செயலாகவே நேர்ந்திருப்பினும் எம். பி. எஸ். வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை யாரும் கற்பனை செய்திருக்க இயலாது. பின்னர் ஓ. என். வி. குறுப்பின் கவிதைகளோடு உள்கடல், யவனிகா எனத் தொடர்ந்தார். அடூர் கோபாலகிருஷ்ணனின் சுயம்வரம், எலிப்பத்தாயம், முகாமுகம், அனந்தரம் ஆகிய படங்களுக்குப் பின்னணி இசை அவருடையது. ஜான் ஆபிரகாமின் அக்ரகாரத்தில் கழுதை (1977) படத்தில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவரும் இவரே. அந்த மெலிந்த, நாணம் கலந்த முகத்தைக் கண்டவர் மறவார்.

திரை இசைக் கலைஞர்கள் அமைப்பாகத் திரள்வதற்கு முன்னின்றவர்களுள் அவர் முதன்மையானவர். வயலினோ தபலாவோ வாசித்துவிட்டுக் கூலிக்குக் காத்து நிற்கும் கலைஞனும் ஒரு தொழிலாளியே என்று அவர் கொண்டார். துறைமுகத்திலும் ஆலையிலும் வேரூன்றிய சங்கம் என்னும் சொல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் நுழைந்தது. இசையமைப்பாளர் என்னும் நிலையில் முதலாளியின் பக்கம் அமரத்தக்க ஒருவர், வாசிப்போரின் பக்கம் நின்றார். தமிழில் அவருக்குப் படங்கள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு உருவாயிற்று. அவருடைய உயிர் இதிலேதான் இருந்தது. குழுவினர் பெரும்பாலும் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். படிப்போ வேலையோ முடித்து மாலையில் வந்து கூடுவோர். இத்தகையோரைக் கொண்டு இசை அமைப்பதில் உள்ள சிக்கலைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அது கவிதைக்கும் உரிய சிக்கல்.

மேலைநாட்டுச் சேர்ந்திசையில் பெண்டிரின் மேற்குரல் ஒன்றும் தாழ்குரல் ஒன்றும், ஆடவரின் மேற்குரல் ஒன்றும் தாழ்குரல் ஒன்றுமாக நால்வகைக் குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் நிற்கும். அச்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி எழும் ஒலியே அதன் அழகு. நம் இசையோ ஒற்றைக் கோடாக ஓடுவது. இராகத்தின் உயிர் கமகத்தில் உள்ளது. ஒருவர் அசைத்துப் பாடுவதை நாற்பதுபேர் ஒரே அளவில் அசைக்க இயலாது. அசைவை நீக்கினாலோ இராகம் வெறும் எலும்புக்கூடாகும். இணைச்சுரம் சேர்க்கப் புகுந்தால் இராகத்தில் இல்லாத சுரம் வந்து விழும். ஆகவே இந்திய மெட்டில் சேர்ந்திசை செய்ய முற்படுவோர், ஒன்று மேலைநாட்டு இசையின் நகலாய் முடிவர். அன்றேல் பசனை மடத்து ஒற்றைக் குரலைப் பெருக்கியதோடு நிற்பர்.

சீனிவாசன் இரண்டுக்கும் நடுவே வழி கண்டார். நாட்டுப்புறப் பாடலின் எடுப்பும் ஏற்பும், தொடர்ந்து ஒலிக்கும் ஆதாரக் குரல், ஒரு குழு வரியைப் பாடுகையில் மற்றொரு குழு அதன் துண்டை எதிரொலித்தல் என நம் மண்ணிலேயே கிடந்த கருவிகளை அவர் எடுத்தாண்டார். குரலும் இளியும் இணை என்றும், சுரங்களுக்குள் கிளை, நட்பு, பகை எனும் உறவுகள் உண்டு என்றும் வகுத்த மரபு நம்முடையது. இவ்வுறவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்களுக்குச் சொல்லப்பட்டவை. அவற்றை ஒருங்கே ஒலிக்கும் குரல்களுக்கு ஆக்கிப் பார்த்தவர் அவர் என்று சொன்னால் மிகையாகாது.

பாரதியின் பாடல்களை அவர் குழு பாடியதே தமிழர்க்கு அவர் அளித்த பெருங்கொடை. பாரதி நூல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. ஆயினும் கச்சேரி மேடையில் அப்பாடல்கள் இறுதியில் வரும் துக்கடாக்களாகவே ஒதுங்கிக் கிடந்தன. தன்மைப் பன்மையில், நாம் என்று எழுதப்பட்ட பாட்டைத் தனியொருவர் பாடும்போது இலக்கணமே நெருடுகிறது. நாற்பது வாய்கள் பாடுகையில்தான் அந்த நாம் மெய்யாகிறது. அதற்குரிய விலையும் உண்டு. கூட்டுக் குரலில் வல்லினம் ஓங்கி ஒலிக்கும். ழகரமும் ளகரமும் ஒருங்கே நா மடியாவிடில் குழம்பும். பாரதியின் கண்ணம்மாவைப் பாடும் அந்தரங்கக் கவிதைகளுக்கு இவ்வடிவம் பொருந்தாது. எல்லாக் கவிதையும் கூட்டத்துக்கு உரியதன்று. சேர்ந்திசையின் பெயரால் பிற்காலத்தில் சிலர் எல்லாவற்றையும் அணிவகுப்புத் தாளத்தில் அடித்து நிமிர்த்தியதைக் கேட்க நேர்ந்தபோது, எம். பி. எஸ். காட்டிய அளவறிதல் அவர்களுக்கு வாய்க்கவில்லையே என்றே தோன்றும்.

தம் குழுவோடு அவர் நின்றுவிடவில்லை. கேரளத்திலும் பிற இடங்களிலும் மாணவர்களையும் இளைஞர்களையும் கூட்டிச் சேர்ந்திசை பயிற்றுவித்தார். இவ்வாறு விருந்தினராகச் சென்று ஒரு குழுவை நடத்துவோரின் நிலை வினோதமானது. நாடகத்துக்கு வெளியூரிலிருந்து வரும் வாத்தியாரைப் போல அவருக்குக் கிடைப்பது சில நாட்கள். எவர் குரல் எட்டும், எவருடையது எட்டாது என்பதை முதல் நாளிலேயே செவி கண்டுகொள்ள வேண்டும். எழுதிய சுரக்குறிப்பைப் படிக்க அறியாதோர்க்கு வாயால் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். உரக்கப் பாடும் ஒருவனை அடக்க வேண்டும். அடங்கிக் கிடக்கும் ஒருத்தியை எழுப்ப வேண்டும். இரண்டையும் எவர் மனமும் கோணாமல் செய்ய வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வண்டி ஏறிவிடுவார். கச்சேரி செய்பவர் தம் பாட்டைத் தம்மோடு எடுத்துச் செல்கிறார். இவரோ வெறுங்கையோடு திரும்புகிறார். பாட்டு பாடியவர்களிடமே தங்கிவிடுகிறது.

திருவொற்றியூர் இத்தகைய விருந்தை முன்னமே கண்டுள்ளது. வீணை குப்பையரின் ஆசிரியரான தியாகராசர் தம் முதுமையில் சென்னைக்கு வந்தபோது இவ்வூர்த் திரிபுரசுந்தரியைப் பாடிவைத்த ஐந்து கீர்த்தனைகள் இன்றும் ஊரின் பெயராலேயே வழங்குகின்றன. அவர் பாடியது பக்தி. இவர் பயிற்றியது தோழமை. ஆயினும் வந்தவர் சென்ற பின்னும் பாட்டு ஊரில் இருந்துவிடும் என்பதில் வேறுபாடில்லை.

1988 மார்ச்சு மாதம் அவர் இலட்சத்தீவுக்குச் சென்றிருந்தார். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களினின்றும், கேரளத்து மேடைகளினின்றும் விலகி, அரபிக் கடலின் நடுவே, மீன்பிடித்தலும் தென்னையும் வாழ்வாகக் கொண்ட மக்களிடையே இருந்தபோது மாரடைப்பு நேர்ந்தது. மார்ச்சு 9ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது அறுபத்திரண்டு. பாதை தெரியுது பார் படத்தில் அவரோடு சேர்ந்து உழைத்த நிமாய் கோஷும் அதே ஆண்டில் மறைந்தார்.

சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு கலைந்துவிடவில்லை. அவரிடம் பயின்றவர்கள் முன்வந்து நடத்த, பாரதியின் பாடல்களையும் பிற மொழிப் பாடல்களையும் அது தொடர்ந்து பாடிவந்தது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரையே தாங்கி ஓர் இளைஞர் குழு தோன்றிற்று. அவரைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அதில் சேர்ந்து, அவர் அமைத்த மெட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள்.