ஹீலா செல்கள்: யார் இந்த ஹென்ரியட்டா லாக்ஸ்?

1951 தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஒரு கறுப்பினப் பெண் வந்தார். பெயர் ஹென்ரியட்டா லாக்ஸ். புகையிலை வயலில் வேலை பார்த்து வளர்ந்தவர், 5 பிள்ளைகளுக்குத் தாய். சோதித்ததில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்.

சிகிச்சையின்போது கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. மற்ற நோயாளிகளின் செல்கள் சீக்கிரமே செத்துப்போகும். ஆனா இவருடையது சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானது. அதே ஆண்டு அக்டோபர் 4-ல், 31 வயதில் ஹென்ரியட்டா இறந்தார். செல்கள் வளர்ந்துகொண்டே இருந்தன.

ஹீலா என்று பெயரிடப்பட்ட அவை, போலியோ தடுப்பூசிச் சோதனை முதல் புற்றுநோய் ஆய்வு வரை உதவின, விற்பனைக்கும் வந்தன. குடும்பத்துக்கோ 20 ஆண்டுகளுக்கு மேல் விஷயமே தெரியாது. 1973-ல் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தபோதும் காரணத்தைச் சரியாக விளக்கவில்லை. தனக்கும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என நினைத்து, மகள் டெபோரா ரிசல்ட்டுக்காகப் பயத்தோடு காத்திருந்தார்.

2013-ல் ஹீலாவின் மரபணுத் தகவலும் குடும்பத்தைக் கேட்காமலே இணையத்தில் வெளியானது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அவர்களோடு உட்கார்ந்து பேசியது. அந்தத் தகவலை யாருக்குத் தரலாம் என்று பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினர் இருவருக்கு இடம் கிடைத்தது.

இந்தியாவில் ஆய்வில் சேருபவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல். அதனால், அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்படி ஒரு படிவம் நீட்டப்பட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.