பதிலுக்குக் காத்திருந்த காஃப்கா

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களாகியும் எனக்கு இரவில் இலகுவில் நித்திரை வருவதில்லை. வெளிநாட்டிலுள்ள தம்பி இரண்டு நாள் கதைக்காவிட்டால், அவனுக்கு ஏதும் நடந்துவிட்டதோ, நான்தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும். அப்படியான ஓர் இரவில்தான் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் வாழ்க்கையை வாசித்தேன்.

1883இல் பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கண்டிப்பான வியாபாரியான தந்தையிடம் கொண்ட பயம் கடைசிவரை போகவில்லை. 36 வயதில் தந்தைக்கு ஏறத்தாழ 100 பக்கங்களில் கடிதம் எழுதினார். அது தந்தையின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை.

பகலில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை, இரவில் எழுத்து. 1912இல் நண்பர் மக்ஸ் புரோட் வீட்டில் பெலிஸ் பௌவரைச் சந்தித்தார். பெலிஸ் இருந்தது பெர்லினில். ஐந்து வருடங்களில் அவருக்கு 500க்கும் அதிகமான கடிதங்கள் எழுதினார். பதில் பிந்தினால் தவித்தார்; திருமணப் பேச்சு நெருங்கினால் எழுத்தும் தனிமையும் பறிபோகுமோ என்று அஞ்சினார். இரண்டு தடவை நிச்சயதார்த்தம் நடந்து இரண்டு தடவையும் முறிந்தது. 1917இல் காசநோயும் பிடித்தது.

1923இல் பால்டிக் கடற்கரையில் டோரா டயமண்டைச் சந்தித்தார். அந்த வருடமே பெர்லினில் இருவரும் ஒன்றாக வாழத் தொடங்கினர். பணம் பெறுமதியிழந்த காலம், கடும் குளிர், கூடவே நோய். ஆனால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நேசித்தவர் அதே வீட்டில் இருந்தார். கடைசி வாரங்களிலும் டோராவே பராமரித்தார். 1924 ஜூன் 3ஆம் திகதி, 40 வயதில், வியன்னாவுக்கு அருகில் காஃப்கா இறந்தார்.

தன் எழுத்துகளை எரித்துவிடும்படி அவர் புரோட்டிடம் கேட்டிருந்தார். புரோட் எரிக்கவில்லை. காஃப்கா பெறுமதியற்றது என்று நினைத்ததை நண்பர் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவருடைய மூன்று சகோதரிகளையும் நாசிகளின் யுத்தம் பின்னர் கொன்றது.

என் பயம் முழுவதும் வீண் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். நடக்காது என்று நினைத்தவை எங்களுக்கு நடந்திருக்கின்றன. ஆனாலும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பயம் குறைவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் நித்திரையில்லாதவர், மகனைத் தேடுபவர். இப்போது பின்னேரங்களில் அவருடைய திண்ணையில் தேத்தண்ணியோடு இருக்கிறேன். சில நாட்களில் இருவரும் அதிகம் கதைப்பதுமில்லை. அந்த இரவுகளில் கொஞ்சம் கண்ணயர்கிறேன்.