வள்ளல் அழகப்பரும் மின்வேதியியலும்

நுழையும்முன்

ஆத்தங்குடித் தரைக்கல்லின் முகம் வேறு, உடல் வேறு. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை மெல்லிய படலமாக ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த தடித்த அடுக்கை இட்டு அக்கல்லை உருவாக்குகின்றனர். பாரத்தைத் தாங்குவது உடல். தேய்மானத்தை எதிர்கொள்வது முகம். உலோகத்திற்கும் பொருந்தும் இவ்வுண்மையை ஆராயும் நிறுவனம் செட்டிநாட்டில் அமையக் காரணமானவர் வள்ளல் அழகப்பர்.

இளமையும் தொழிலும்

அழகப்பர் 1909 ஏப்ரல் 6 அன்று காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டனில் சட்டம் பயின்றதோடு, வானூர்தி ஓட்டவும் கற்றார். தாயகம் திரும்பித் துணி ஆலை முதலிய தொழில்களில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார்.

கல்விக்கொடை

ஈட்டிய பொருளைக் கல்விக்கே வழங்கினார். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 இலட்சம் ரூபாய் அளித்தார். 1947 ஜூலையில் சென்னையில் நடைபெற்ற அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க வேண்டுமெனத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் வேண்டினார். அழகப்பர் அவ்விடத்திலேயே இசைந்தார். மறுமாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது.

ஆய்வகத்திற்கு நிலம்

விடுதலை பெற்ற நாட்டிற்கு அறிவியல் ஆய்வகங்கள் தேவைப்பட்டன. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைவதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார்.

குழலைக் காக்கும் படலம்

உலோக அரிமானத்தைத் தடுப்பதும் முலாம் பூசுவதும் மின்வேதியியலின் இன்றியமையாப் பிரிவுகளாகும். இதன் பயனைத் துப்பாக்கிக் குழலில் தெளிவாகக் காணலாம். வெடிமருந்து எரியும்போது வெப்பமும் அழுத்தமும் குழலின் உட்சுவரைத் தாக்குகின்றன. எஞ்சும் கசடும் ஈரமும் அதனை அரிக்கின்றன. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு அழுத்தத்தைத் தாங்கும். ஆயினும் ஈரத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகு அரிமானத்தை நன்கு எதிர்க்கும்; ஆனால் விலை மிகுதி.

ஆதலால், படைத்துப்பாக்கிகள் பலவற்றின் உட்சுவரில் குரோமியம் பூசப்படுகிறது. குரோமிக் அமிலக் கரைசலில் குழலை எதிர்மின்வாயாகவும் அதன் நடுவே செருகிய தண்டை நேர்மின்வாயாகவும் கொண்டு மின்சாரம் செலுத்தினால், உட்சுவரில் குரோமியம் படிகிறது. இது எஃகைவிடக் கடினமானது. உயர்ந்த வெப்பநிலையில் உருகுவது. எனினும், படலத்தின் தடிமன் சீராக அமையாவிடில் குறி பிறழும். எனவே, குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் பலர் முலாம் பூசாத துருப்பிடிக்கா எஃகுக் குழலையே விரும்புவர். எஃகின் புறத்தோலில் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்குவது மற்றொரு முறை. இதில் தனிப்படலம் பூசுவதில்லை. நீடித்த உழைப்பு, குறியின் துல்லியம், விலை ஆகிய மூன்றையும் சீர்தூக்கியே முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

நிலைத்த புகழ்

அழகப்பருக்கு 1956இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 5 அன்று, 48 அகவை நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், அவர் மறைந்தார். அவர் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி அவரிடம் தங்கவில்லை. கல்விக்கூடங்களாகவும் ஆய்வகமாகவும் காரைக்குடியில் நிலைபெற்றது. உலோகத்தைத் துரு தின்னாமல் காக்கும் அறிவை நாடு பெற வேண்டி அவர் ஈந்த நிலத்தில் ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.